கணக்கிற் பிழையும் தமிழிற் பிழையும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபொழுது, தமிழாசிரியர் ஒருவரிடத்தில் அவர்கள் எதிர்பார்த்தது கம்பன் கவிநயமாகவோ நாவலர் வசனநடையாகவோ இருந்திருக்கும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ கணிதத் தனிவகுப்பு. இதனைக் கேள்வியுற்ற கணித ஆசிரியர் ஒருவர், “அண்ணை, உங்களுக்கேன் எங்கட தொழிலில வேலை?” என்று நகையாடினார். யாம் கணிதங் கற்பிக்க வந்தேமல்லேம். ஆயினும், அளவெட்டியில் எமது வீட்டு விறாந்தைக்கு மாலைதோறும் தமிழ் படிக்க வரும் பிள்ளைகள் தமிழ்க் கொப்பியோடு கணிதக் கொப்பியையுங் கொண்டு வருவர். ஒரு வகுப்பு முடிந்து மறுவகுப்புக்குச் செல்லும் இடைநேரத்தில் அரைமணிப்பொழுது எம்மிடந் தங்குவோரும் அவருட் பலர். அக்கொப்பிகளைப் பல்லாண்டுகளாகப் புரட்டிப் பார்த்ததில் ஓர் எண்ணம் எமக்கு உறுதிப்பட்டது. கணக்கிற் பிழை என்று சிவப்பு மையாற் கோடிடப்பட்டவற்றுள் ஒரு நல்ல பங்கு உண்மையில் தமிழிற் பிழை. அதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம்மூர்ப் பிள்ளையின் ஒரு நாளை முதலிற் பார்ப்போம். பாடசாலை விட்டதும் உடுப்பு மாற்றி, உண்டும் உண்ணாமலும் சயிக்கிளேறி, மல்லாகத்துக்கோ சுன்னாகத்துக்கோ அல்லது ஊருக்குள்ளேயே ஒரு கொட்டகைக்கோ செல்கின்றது. ஐந்தாந் தரப் புலமைப் பரிசில் பரீட்சையைக் கருதி மூன்றாந் தரத்திலேயே இவ்வோட்டந் தொடங்கிவிடுகின்றது. க.பொ.த. சாதாரண தரத்திற் கணிதத்திற் சித்தியெய்தாதவரை உயர்தர வகுப்பின் வாயிலில் நிறுத்திவைப்பது பொதுவான வழமையாதலின், பத்தாந் தரம் வரும்பொழுது ஒரே பாடத்துக்கு இரண்டு இடங்களிற் படிப்போரும் உளர். தோட்டஞ் செய்யும் வீடுகளில் மூன்று பிள்ளைகளின் மாதக் கட்டணத்துக்காகத் தாயின் காப்பு அடைவுக்குப் போவதை யாம் அறிவோம். இவ்வளவு பொருளும் இவ்வளவு பொழுதும் செலவிட்டபின்னரும் பிள்ளை தேறாவிடின், “இவனுக்குக் கணக்கு ஏறாது” என்று பெற்றோர் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். அத்தீர்ப்பைப் பிள்ளையும் நம்பிவிடுகின்றது. யாம் அஞ்சுவது இதற்கே.

தனியே ஓர் ஆசிரியரிடங் கணக்குப் படித்தல் எம்மவர்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி மனனஞ் செய்விக்கப்பட்டது. முந்திரி முதற் கோடி ஈறாகப் பிள்ளை வாய்ப்பாடாகச் சொல்லும். காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் போன்ற நூல்கள் கணக்கைச் செய்யுளாகவே தந்தன. இம்முறையைச் சிலர் இன்று வெறுங் கிளிப்பிள்ளைப் பாடமென்று இகழ்வர். முழுவதும் அவ்வாறன்று. 1/8 என்பதற்கு ‘அரைக்கால்’ என்று பெயர். காலில் அரை அரைக்கால் என்று சொல்லும் பிள்ளை, பின்னத்தைப் பின்னத்தாற் பெருக்குதலைப் பெயரிலேயே கற்றுவிடுகின்றது. 1/20 ‘மா’, 1/80 ‘காணி’, இரண்டையுஞ் சேர்த்தால் ‘மாகாணி’. கூட்டிப் பாருங்கள்: 4/80 உடன் 1/80 ஐக் கூட்ட 5/80, அதாவது 1/16. மாகாணி என்பது 1/16 தான். ஒரு சொல்லுக்குள் ஒரு கூட்டற் கணக்கு அடங்கிக் கிடக்கின்றது. இச்சொற்கள் வழக்கொழிந்ததற்காக யாம் கண்ணீர் உகுக்கவில்லை. தசமம் வந்தபின் அவற்றின் தேவை குறைந்தது இயல்பே. ஆனால் அக்காலப் பிள்ளைக்கு எண்ணும் மொழியும் ஒன்றாகவே வந்தன என்பதை மட்டும் இங்குக் குறித்துக்கொள்வோம்.

உயர்கணிதமும் தமிழுக்கு அந்நியமாயிருந்ததில்லை. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினறியிற் கணிதமும் வானசாத்திரமும் சிறப்பிடம் பெற்றன. அங்கு பயின்று அங்கேயே கற்பித்த கறல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என்னும் அட்சரகணித நூலைத் தமிழில் ஆக்கினார். அது 1855 இல் வெளிவந்தது. பின்னர் இவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையுஞ் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய பதிப்பாசிரியரும், தமிழிற் சமன்பாடு எழுதிய கணித ஆசிரியரும் ஒரே பட்டியலில் முன்னிற்கும் நாட்டிலே, தமிழ் வேறு கணிதம் வேறு என்று பிள்ளைகள் எண்ண நேர்ந்தமை வருந்தத்தக்கது.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழியிற் கற்பித்தல் மேல்வகுப்புகளுக்கும் படிப்படியாக உயர, அரசகரும மொழித் திணைக்களத்தார் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டனர். திரிகோணகணிதம், கேத்திரகணிதம், செம்பக்கம், மூலைவிட்டம், மடக்கை முதலிய சொற்களெல்லாம் எம் வகுப்புகளில் வேரூன்றின. 1970 களின் முற்பகுதியிற் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுத்தப்பட்ட பின்னர் ஒவ்வொரு புள்ளிக்கும் விலை ஏறிற்று, தனிவகுப்புகளும் பெருகின. யாம் மாணவராயிருந்த 1990 களில் மின்சாரமில்லை. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிது. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டு எரித்த விளக்கைச் சுற்றி நால்வர் இருந்து ஒரு வினாத்தாளைச் செய்தோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபொழுது, பலருடைய பைகளிற் சென்ற பொருள்களுள் கணிதக் கொப்பியும் ஒன்று. இந்நிலையிலும் நின்றுபோகாத ஒன்றை இன்று ஒரு கட்டுரையால் நிறுத்திவிடலாமென்று யாங் கருதவில்லை.

சட்டத்தாலும் நிறுத்தவியலாது போலும். தென்கொரியாவிலே 1980 இல் அரசு தனிவகுப்புகளைத் தடைசெய்தது. மறைவில் அவை நடந்துகொண்டேயிருந்தன. 2000 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடை செல்லாதென்றது. மறுபுறத்தில், தனியே கற்பித்தலின் நன்மையும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984 இல் எழுதிய கட்டுரையொன்றில், ஓராசிரியர் ஒரு மாணவர் என்ற முறையிற் பயின்ற நடுத்தர மாணவர், வழமையான வகுப்பிற் பயின்றோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேரை விஞ்சினார் எனக் காட்டினார். பின்வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பயனைக் காணவில்லையெனினும், பயன் உண்டென்பதை மறுக்கவில்லை. யப்பானின் ஒசாக்கா நகரிலே தோரு கூமொன் என்னுங் கணித ஆசிரியர் 1954 இல் இரண்டாம் வகுப்பிற் படித்த தம் மகனுக்கென நாள்தோறும் ஒரு தாள் எழுதிக்கொடுத்ததே பின்னர் உலகமெங்கும் பரந்த ஒரு முறையாயிற்று. இங்கே நோக்கவேண்டியது ஒன்று. புளூம் பேசியது ஒருவர்க்கு ஒருவர். கூமொன் எழுதியது ஒரு மகனுக்கு. நூறு பிள்ளைகளை வாங்குகளில் நெருக்கி இருத்தி, ஒலிபெருக்கியிற் கற்பிப்பதற்கு இவர்களைச் சாட்சிக்கழைத்தல் பொருந்தாது. அது கட்டணம் பெறும் இன்னொரு பாடசாலை, அவ்வளவே.

இனி எம் கூற்றுக்கு வருவோம். ஒன்பதாந் தர மாணவன் ஒருவனை அவன் தந்தையார் எம்மிடம் அழைத்துவந்தார். அவன் இரண்டு கணித வகுப்புகளுக்குச் செல்பவன். தவணைப் பரீட்சையிற் பெற்ற புள்ளி 26. “மாஸ்ரர், கணக்குத்தான் ஏறேல்லை, தமிழையாவது பாருங்கோ” என்றார் தந்தை. கணிதக் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். எழுத்து முத்துப்போன்றது. கரும்பலகையிலிருந்து பெயர்த்தெழுதிய படிகளெல்லாம் ஒழுங்காயிருந்தன. ஒரு சமன்பாட்டை எழுதிக்கொடுத்தால் அவன் தீர்த்துவிட்டான், பின்னங்களையுங் கூட்டினான். பின் வினாத்தாளைக் கையிற் கொடுத்து, “தம்பி, இந்த வினாவை உரத்து வாசியும்” என்றோம். வினா இதுபோன்றது: ‘கண்ணனிடம் 12 மாம்பழங்கள் உள. அது அவன் தங்கையிடம் உள்ளதிலும் 5 கூட. தங்கையிடம் உள்ள மாம்பழங்கள் எத்தனை?’ வாசித்தான். விடை 17 என்றான். “எப்படி?” என்றோம். “கூட எண்டால் கூட்டுறது, சேர்” என்றான்.

ஒன்பதாந் தரத்துக்கு இது மிக எளிய வினா, வேண்டுமென்றே கொடுத்தோம். அவனுக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும். தெரியாதது எதை எதனோடு ஒப்பிடுகின்றார்கள் என்பதே. ‘உள்ளதிலும்’ என்பதில் நிற்கும் வேற்றுமை உருபு யாரைச் சேர்ந்தது? தங்கையை. ஆகவே கூடியவன் கண்ணன், குறைந்தவள் தங்கை, விடை 7. ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருளை எட்டாம் ஒன்பதாந் தரங்களிலே தமிழ் இலக்கணமாகக் கற்பிக்கின்றோம். ‘காக்கையிற் கரிது களாம்பழம்’ என்று எடுத்துக்காட்டுஞ் சொல்கின்றோம். அதே உருபு கணித வினாவில் வரும்பொழுது அது இலக்கணமென்று பிள்ளைக்கு எவருஞ் சொல்வதில்லை. மாறாக, ‘கூட’ என்றாற் கூட்டு, ‘மீதி’ என்றாற் கழி, ‘தலா’ என்றால் வகு என்று சுருக்கவழி கற்பிக்கப்படுகின்றது. பத்து வினாவில் ஏழுக்கு அது பலிக்கும். எஞ்சிய மூன்றிலே பிள்ளை வீழும். வீழ்ந்த காரணமும் அதற்கு விளங்காது.

அவுஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் என்பார் 1977 இல் இதனை முறைப்படுத்திக் காட்டினார். வசனக் கணக்கொன்றிற் பிழைவிட்ட பிள்ளையிடம் ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேட்கவேண்டுமென்பது அவர் முறை. வினாவை வாசித்துக் காட்டு. அது என்ன கேட்கின்றது என்று சொல். எந்த வழியால் விடை காண்பாய்? சொல்லிக்கொண்டே செய்து காட்டு. விடையை எழுது. இவ்வைந்தினுள் எந்தப் படியிற் கால் வழுக்கியது என்பது அப்பொழுது தெரிந்துவிடும். செய்கையிற் பிழைவிடுவோர் போலவே, செய்கைக்கு முன்னரே, வாசிப்பிலும் விளக்கத்திலும் வழியைத் தெரிவதிலும் வீழ்வோர் பலர் என்பதே இம்முறையாற் பிழைகளை ஆராய்ந்தோர் மீண்டும் மீண்டுங் கண்டது. கணிதமேதை சோர்ச் போல்யா 1945 இல் வெளியிட்ட நூலிலும் முதற்படி ‘வினாவை விளங்கிக்கொள்’ என்பதே. எம் தனிவகுப்புகளிற் பெரும்பாலானவை நான்காங் கேள்வியிலேயே தொடங்கி நான்காங் கேள்வியிலேயே முடிகின்றன. முதல் மூன்றையும் ஆசிரியரே பிள்ளைக்காகச் செய்துவிடுகின்றார்.

தமிழிலே இவ்விடர் சற்று வேறு வகையானது. அதனைத் தமிழாசிரியர் அல்லாதார் காண்பது அரிதாகையால் விரித்துரைக்கின்றோம். தமிழ் வாக்கியத்திற் சொற்களின் இடம் மாறலாம். உருபு பொருளைக் காத்துக்கொள்ளும். ‘12 இலிருந்து 5 ஐக் கழிக்க’ என்பதும் ‘5 ஐ 12 இலிருந்து கழிக்க’ என்பதும் ஒன்றே. இரண்டுக்கும் விடை 7. ஆனால் எண்களை வந்த வரிசையில் எழுதப் பழகிய பிள்ளை, இரண்டாவதை 5 − 12 என்றெழுதி −7 என்கின்றது, அல்லது ‘கழிக்க ஏலாது’ என்று விட்டுவிடுகின்றது. வகுத்தலும் அவ்வாறே. ‘24 ஐ 6 ஆல் வகுக்க’ 4; ‘24 ஆல் 6 ஐ வகுக்க’ 1/4. எண்கள் ஒன்று, வரிசையும் ஒன்று; மாறியன இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையுமே. ஆங்கிலத்திற் சொல்லின் இடம் பொருளைத் தரும்; தமிழில் உருபு தரும். ஆதலின் தமிழ்ப் பிள்ளை கணக்கு வினாவில் முதலில் தேடவேண்டியது உருபையே. எண்ணின் வாலைப் பார் என்று சிறுபிள்ளைகட்குச் சொல்வோம். அவர்களும் பென்சிலால் ‘ஐ’, ‘ஆல்’, ‘இலிருந்து’ என்பவற்றைச் சுற்றி வட்டமிடுவர்.

சதவீதக் கணக்கில் இவ்வேறுபாடு இன்னுங் கூரியது. 400 ரூபா விலையுள்ள பொருளொன்றின் விலையை ‘25 சதவீதத்தாற் குறைத்தனர்’ எனின் புதிய விலை 300. ‘25 சதவீதமாகக் குறைத்தனர்’ எனின் 100. ‘ஆல்’ என்பது எவ்வளவு போயிற்று என்கின்றது. ‘ஆக’ என்பது எவ்வளவு நின்றது என்கின்றது. இரண்டுக்கும் நடுவே 200 ரூபா வேறுபாடு. இவ்வாறே ‘3 மடங்காக அதிகரித்தது’ என்பதையும் ‘3 ஆல் அதிகரித்தது’ என்பதையும் ஒரே வகுப்பில் அருகருகே வைத்துக் காட்டாத ஆசிரியர், பிள்ளையை அடுத்த பரீட்சையிற் பொறிக்குள் அனுப்புகின்றார்.

சமனிலி படிக்கும் மேல்வகுப்பாருக்குத் தொல்லை தருவது எதிர்மறை. ‘5 இலும் கூடிய’ என்றால் 5 சேராது. ‘5 இற்குக் குறையாத’ என்றால் 5 சேரும். ‘குறைந்தது 5’ என்பதற்கும் ‘5 இலும் குறைந்த’ என்பதற்கும் உள்ள தூரம் எண்கோட்டின் இரு பக்கங்களின் தூரமாகும். முன்னையதில் ‘குறைந்தது’ என்ற சொல்லைக் கண்டு அம்புக்குறியை இடப்பக்கந் திருப்பிய மாணவர் எத்தனை பேர்! ‘மேற்படாத’ என்பதை வாசித்து ‘மேற்பட்ட’ என்று செய்தவரை எண்ணிமுடியாது. எதிர்மறைப் பெயரெச்சத்தை எட்டாந் தரத்திற் பாடமாக்கி ஒப்புவித்த பிள்ளைகள்தாம் இவர்கள்.

எண்ணுப்பெயரிலும் ஓர் இடறல் உண்டு. அது தொடக்கநிலைப் பிள்ளைக்கு உரியது. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரையும் பத்தைக் காட்டிச் செல்லும் தமிழ், தொண்ணூறில் நூறைக் காட்டுகின்றது, நூறோ அங்கில்லை. தொள்ளாயிரம் ஆயிரத்தைக் காட்டுகின்றது, ஆயிரமோ அங்கில்லை. ஒன்பது பத்தோடும் நூறோடும் புணரும்பொழுது இவ்வாறு திரியுமென்று தொல்காப்பியரும் நன்னூலாரும் விதி கூறிவைத்தனர். தொள்ளாயிரத்து ஐந்து என்பதை 9005 என எழுதிய சிறாரை யாங் கண்டிருக்கின்றோம். அப்பிள்ளை மந்தபுத்தியன்று, காதிற் கேட்ட ஆயிரத்தை அது நேர்மையாக எழுதியிருக்கின்றது. ‘ஒன்பது நூறு’ என்று ஒருமுறை சொல்லவைத்து, பின் தொள்ளாயிரத்தைச் சொன்னாற் போதும், தெளிந்துவிடும். பெரிய எண்களில், வீட்டிற் காணி விலை பேசும்போது இலட்சமும் கோடியும் வழங்க, பாடநூலில் மில்லியன் வழங்குகின்றது. 25 இலட்சம் என்பது 2.5 மில்லியன் என்று இரண்டையுங் கட்டிக்காட்டுதல் ஐந்து நிமிட வேலை. அதனைச் செய்வார் யாரென்று வீடு பாடசாலையைப் பார்க்கின்றது. பாடசாலை வீட்டைப் பார்க்கின்றது.

இங்கு எம்மூர்ப் பெயர் ‘அளவு’ என்று தொடங்குவதைக் காட்டி, அளவெட்டிப் பிள்ளைக்கு அளவை தெரியாமலிருக்கலாமா என்று சிறாரை நகைக்கவைப்பதுண்டு. பெயர்க்காரணம் அதுவென்று யாஞ் சாதிக்க வரவில்லை. ஆனால் அளவையைக் கற்பிக்க எம்மூர்ச் செம்மண்ணைவிட நல்ல பாடநூல் இல்லை. எட்டாந் தரச் சிறுமியொருத்தி எக்டேயர் கணக்கைக் கண்டு விழித்தாள். அவள் தந்தையார் வெங்காயமும் புகையிலையும் பயிரிடுபவர். “உங்கட தோட்டம் எத்தனை பரப்பு, பிள்ளை?” என்றோம். சட்டென்று சொன்னாள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அங்கிருந்து தொடங்கினோம்.

பழைய காணி உறுதிகளிற் பரப்பு இருவகையாக வரும். வரகு விதைப்புக் கணக்கிற் பரப்பொன்றுக்குக் குழி 18. ஏக்கருக்குப் பரப்பு 16. நெல் விதைப்புக் கணக்கிற் பரப்பொன்றுக்குக் குழி 12. ஏக்கருக்குப் பரப்பு 24. பெருக்கிப் பாருங்கள். இரண்டு வழியாலும் ஏக்கருக்கு 288 குழியே வரும். ஒரே நிலம், இரண்டு அளவுகோல். வரகுக் கணக்கில் 3 பரப்பு 6 குழி என்று எழுதப்பட்ட துண்டொன்றை எடுப்போம். 3 ஐ 18 ஆற் பெருக்க 54. 6 ஐக் கூட்ட 60 குழி. அதனையே நெற் கணக்கிற் சொன்னால் 60 ஐ 12 ஆல் வகுத்து 5 பரப்பு. ஏக்கரின் பின்னமாகச் சொன்னால் 60/288, சுருக்க 5/24. இருபத்துநான்கில் ஐந்து என்று முன்னர் வந்ததும் அதுவே. அலகு மாற்றல், பின்னஞ் சுருக்கல், விகிதம் மூன்றும் ஓர் உறுதிக்குள் இருக்கின்றன. அச்சிறுமி அன்றிரவு பேரனாரிடம் உறுதியை வாங்கிப் படித்திருக்கின்றாள். ‘வரகு’ என்பது ஒரு தானியம் என்பதையும் அன்றே அறிந்தாளாம். மறுநாள், ‘பரப்பளவு’ என்று கணிதத்தில் வருவதும் எங்கள் ‘பரப்பு’ம் ஒன்றா என்று கேட்டாள். நல்ல கேள்வி. முன்னது எந்த உருவமும் அடைக்கும் இடத்தின் அளவைக் குறிக்கும் பொதுச்சொல். பின்னது ஒரு குறித்த அலகு. ஒரு சொல் இருவேறு வேலை செய்வதை ஒரு பிள்ளை தானே கண்டுகொண்டால், வினாத்தாள் அதன்பின் அவ்வளவு அச்சுறுத்துவதில்லை.

முன்சொன்ன மாணவனுக்கு யாங் கணிதம் ஒன்றுங் கற்பிக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு நான்கு வசனக் கணக்குகள். வாசிக்கவேண்டும், கொப்பியை மூடிவிட்டுத் தன் சொல்லில் வினாவைச் சொல்லவேண்டும், எது தெரிந்தது எது தெரியவேண்டியது என்று கூறவேண்டும். செய்கையை வீட்டிற் செய்யலாம். முதல் மாதத்தில் அவன் சலித்தான். வினாவைச் சொல்லச் சொன்னால் விடையைச் சொன்னான். இரண்டாம் மாதத்தில், தானே ஒரு வினாவைப் புனைந்து எம்மைக் கேட்டான். அதில் ‘இலும்’ சரியான இடத்தில் நின்றது. அடுத்த தவணையில் அவன் புள்ளி 41. பெரிய வெற்றியென்று முழங்கத்தக்கதன்று. ஆயினும் தந்தையார் இரண்டு வகுப்புகளில் ஒன்றை நிறுத்திவிட்டார். அந்த மாலைகளில் அவன் பந்தடிக்கப் போகின்றான்.

இம்மலரைப் படிப்போருள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்போரும், பல்கலைக்கழக விடுமுறையில் ஊர் வந்து நாலைந்து பிள்ளைகட்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்போரும் உளர். அவர்களுக்கே யாம் பெரிதுஞ் சொல்ல விரும்புகின்றோம். உமக்குப் பெரிய கொட்டகையில்லை, ஒலிபெருக்கியில்லை. அதுவே உமது பலம். நான்கு பிள்ளைகள் எனின் நால்வரின் வாயையும் ஒரு மணி நேரத்திற் கேட்கலாம். வெண்கட்டியை உம் கையில் வைத்திராது பிள்ளையின் கையிற் கொடும். பிழையான விடை வந்தவுடன் சரியானதைச் சொல்லிவிடாது, “வினாவை இன்னொருக்கால் வாசியும்” என்று மட்டும் சொல்லிப் பாரும். பாதிப் பிழைகள் அவ்வாசிப்பிலேயே தாமாகத் திருந்துவதைக் காண்பீர். வாய்பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவேண்டாம். ஏழெட்டு எத்தனையென்று விரல் மடிக்கும் பிள்ளைக்கு வினாவை விளங்கிக்கொள்ள மனத்தில் இடமிராது. இந்த ஒன்றில் எண்சுவடிக்காரரே சரி.

பெற்றோர் வகுப்பொன்றைத் தெரியும்பொழுது கட்டணத்தையும் சென்ற ஆண்டுப் பெறுபேற்றுப் பதாகையையும் பார்க்கின்றனர். பிள்ளையின் கொப்பியைப் பாருங்கள் என்பது எம் வேண்டுகோள். கொப்பி முழுவதும் பிழையே இல்லாதிருந்தால் ஐயுறவேண்டும். அது பெயர்த்தெழுதிய கொப்பி. வெட்டியும் திருத்தியும் இருந்தால் அங்கே ஏதோ நடக்கின்றது. பாடசாலையிற் தாம் கற்பிக்கும் பிள்ளையையே மாலையிற் கட்டணத்துக்கு அழைக்கும் வழக்கத்தைப் பற்றி எம் கருத்து வெளிப்படை: அது தகாது. வெள்ளி மாலையும் ஞாயிறு காலையும் பிள்ளைகளை விட்டுவைக்கவேண்டுமென்று வடக்கிலே பலகாலும் எழுந்துவரும் கோரிக்கையையும் யாம் ஆதரிக்கின்றோம். அது கோயிலுக்காக மட்டுமன்று, உறக்கத்துக்காகவும்.

மேல்வகுப்பு மாணவர் தமக்கு இக்கட்டுரையில் ஒன்றுமில்லையே என்று குறைப்படாதிருக்க, அவர்க்கு ஒரு கணக்கு. இதுவும் எம்மூருக்குரியது. தவில்மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975), நாதஸ்வர வித்துவான் பத்மநாதன் ஆகியோரால் இசையுலகில் அளவெட்டி பெயர் பெற்றது. கோயில் வீதியில் தனியாவர்த்தனம் நிகழும்பொழுது கேட்போர் விரல் மடித்துத் தாளம் போடுகின்றாரே, அவர் அறிந்தோ அறியாமலோ செய்வது கணக்கு. ஆதிதாளம் எட்டு எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரையாக ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. ஒரு சொற்கட்டை மூன்று முறை வாசித்து, அம்மூன்றுக்கும் நடுவே ஒத்த அளவான இரண்டு கார்வை விட்டு, ஆவர்த்தனம் நிறைவெய்தும் இடத்திலேயே தீர்மானத்தை முடிக்கவேண்டும். சொற்கட்டின் அளவை ‘ச’ என்றும் கார்வையின் அளவை ‘க’ என்றும் கொண்டால், 3ச + 2க = 32.

சமன்பாடு ஒன்று, தெரியாக்கணியம் இரண்டு. பாடநூல் இதற்குத் தனி விடை இல்லையென்று சொல்லும். தவிற்காரர் அப்படி விட்டுவிட இயலாது. அவர்க்கு முழு மாத்திரைகளில் விடை வேண்டும். 32 உம் 2க உம் இரட்டையாதலின் 3ச உம் இரட்டை. எனவே ‘ச’ இரட்டையெண்ணாகவே இருத்தல் வேண்டும். சொற்கட்டு 10 ஆனாற் கார்வை 1. சொற்கட்டு 8 ஆனாற் கார்வை 4. சொற்கட்டு 6 ஆனாற் கார்வை 7. முதலாவதில் தவில் மூச்சுவிடாது ஓடும். மூன்றாவதிற் கார்வை சொல்லையே விஞ்சி நிற்கும். இன்னும் இரண்டு விடைகள் உள. அவற்றைக் காணும் மாணவர் கையால் தொடையில் தட்டியுஞ் சரிபார்க்கலாம். ஐயம் இருப்பின் மாலையில் எம் வீட்டு விறாந்தைக்கு வரலாம்.